முதுசொமும் தேடியதேட்டமும்

நாம் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் அண்மையில் ஒரு தர்க்கம் நிகழ்ந்தது. இளைப்பாறிச் சில ஆண்டுகள் கழிந்த மூத்த ஆசிரியர் ஒருவர் ஏதோ அலுவலாக அங்கு வந்திருந்தார். பேச்சு வீடு கட்டுவதைப் பற்றித் திரும்பிற்று. "தம்பி, நாங்கள் ஒரு சம்பளத்திலை வளவு வாங்கி, கல்வீடு கட்டி, இரண்டு குமரையும் கரைசேர்த்தனாங்கள். நீங்கள் இரண்டு பேர் உழைச்சும் வாடகை வீட்டிலை இருக்கிறியள். உங்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்றார் அவர். தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "சேர், நீங்கள் எல்லாத்தையும் அனுபவிச்சு முடிச்ச பிறகுதானே நாங்கள் வந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டார். மணி அடித்தது. தர்க்கம் முடிவின்றி நின்றது.

இவ்விரண்டும் நம் வீடுகள் பலவற்றிலும் கேட்கும் குரல்கள். மூத்தவர் தம் வீட்டையும் பென்சனையும் தம் சிக்கனத்தின் பயனாகக் காண்கின்றார். இளையவர் தம் இல்லாமையை மூத்தோரின் தன்னலத்தின் விளைவாகக் காண்கின்றார். ஒரு தலைமுறையின் செல்வம் அத்தலைமுறையின் குணத்தால் அமைவது என்று இருவருமே நம்புகின்றனர். வரலாறு இதனை ஒப்புக்கொள்கின்றதா? உத்தியோகமும் வீடும் பென்சனும் நம் சமூகத்துக்கு எவ்வாறு வந்தன, யாருக்கு வந்தன, யாருக்கு வாராதொழிந்தன என்பதை நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தவரின் சொத்துறவுகளை அறிவதற்குத் தேசவழமையினும் சிறந்த ஆவணம் இல்லை. ஒல்லாந்த ஆள்பதி கொர்னேலிஸ் யோன் சிமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இதனைத் தொகுத்து 1707இல் நிறைவுசெய்தார். தமிழாக்கப்பட்ட தொகுப்பை முதலிமார் பன்னிருவர் பார்த்து ஒப்பமளித்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு வழங்கினர். சொத்தினை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பிரித்தது அவ்வழமை. பெற்றோர்வழி வருவது முதுசொம். மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் வாழ்நாளிற் கூடி ஈட்டுவது தேடியதேட்டம்.

அக்காலத்தில் முதுமைக்குப் பாதுகாப்பு எது? மக்களே பாதுகாப்பு. மணமாகாத மைந்தர் உழைத்த உழைப்பெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்திற் சேர்ந்தது. பெற்றோர் விட்டுச்சென்ற கடனுக்கும் மைந்தரே பொறுப்பாளிகள். கையிற் பணமில்லை என்பதால் அப்பொறுப்பு நீங்குவதில்லை. சொத்தும் கடனும் ஒரே வழியால் இறங்கின.

இதனைப் பொற்காலமென்று எவரும் போற்றவேண்டியதில்லை. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. ஒரு குடும்பம் தன் மகளுக்கு வளவையும் நகையையும் கொடுத்ததுபோல மனிதரையும் சீதனமாகக் கொடுத்தது. மகனுக்கு மனிதரையும் முதுசொமாக விட்டுச்சென்றது. அடிமைமுறை 1844இலேதான் இலங்கையிற் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. முன்னோர் சேர்த்த சொத்து என்று நாம் பெருமையோடு சொல்லும் காணிகள் சிலவற்றில் எவருடைய வியர்வை ஊறியிருக்கிறது என்பதை ஆசிரியராயினார் மாணவர்க்குச் சொல்லாமல் விடலாகாது.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை. கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் தோட்டப்பயிரும் செய்தவர்கள் நம் முன்னோர். தலைமுறைதோறும் பங்கிடப்பட்ட காணி பரப்புக் கணக்கிற் சுருங்கி வந்தது. இந்நிலையிலேதான் ஆங்கிலக் கல்வி வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்கள் இந்நாட்டவர்க்கு அரச சேவையின் கதவைச் சிறிது திறந்தன. மண் தராததை மைக்கூடு தரும் என்று யாழ்ப்பாணத்தவர் கண்டுகொண்டனர்.

பிரித்தானியர் மலாயாவிலே புகையிரதப் பாதை அமைக்கத் தொடங்கினர். 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே முதற் பாதை திறக்கப்பட்டது. கணக்கெழுதவும் நிலையம் காக்கவும் நிலமளக்கவும் ஆங்கிலம் அறிந்த ஆட்கள் வேண்டியிருந்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதப் பாதை முழுமையாக இணைந்தபின் தெற்கு நோக்கிய பயணமும் இலகுவாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி இக்காலத்தின் குரலாகும். நகைச்சுவைக்காக அதனைச் சொல்கின்றோமெனினும் அதனுள் ஒரு கணக்கு இருக்கின்றது. அக்கணக்கின் பெயர் பென்சன்.

ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு 1901இல் வெளிவந்தது. நிரந்தரப் பதவியில் நியமனம் பெற்று, குறித்த ஆண்டுகள் சேவைபுரிந்தவர்க்கு ஆயுள் முழுவதும் மாதந்தோறும் பணம் வழங்க அது வழிசெய்தது. அதற்கென ஊழியரின் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கப்படவில்லை. உத்தியோகத்தர் இறந்தபின் மனைவி மக்களைத் தாங்குவதற்கு 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் விதவைகள் அநாதைகள் நிதி ஏற்கெனவே தோன்றியிருந்தது. அதற்கு மட்டும் உத்தியோகத்தர் பங்களித்தார். முதுமையிலே மகனின் கையைப் பார்த்திருந்த சமூகத்தில், மகனுக்கே பணங்கொடுக்கக்கூடிய முதியவர் என்னும் புதியவர் இவ்வாறு தோன்றினார். மலாயாவிலிருந்து மணியோடர் வந்தது. பின்னர் மலாயாப் பென்சனியரே ஊருக்கு வந்து சேர்ந்தார். கிடுகு வேய்ந்த மண்வீடுகளின் இடையே கல்வீடுகள் எழுந்தன. பென்சனுள்ள மாப்பிள்ளைக்குச் சீதனமும் ஏறிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. சம்பளத்திலிருந்து கழிக்கப்படாத பென்சனுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? அரசின் வருவாயிலிருந்து வந்தது. குடியேற்ற அரசின் வருவாய்க்கோ பெருந்தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த ஏற்றுமதி இறக்குமதி வாணிகத்தின் தீர்வைகளும் பெருந்துணையாயிருந்தன. மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளின் உழைப்பில் ஒரு பகுதி, யாழ்ப்பாணத்துத் திண்ணையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தவரின் பென்சனாக வந்தது. கொழுந்து கிள்ளியவளுக்கோ பென்சன் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையே அவளுக்கு வீடு. அதுவும் தோட்டத்தில் வேலை உள்ளவரையே உறுதியான வீடு.

தோட்டத் தொழிலாளியை மட்டும் சொல்லி அமைவது நியாயமாகாது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே உத்தியோக ஏணியின் முதற்படியைத் தொடவிடாது தடுக்கப்பட்டோர் இருந்தனர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து படிப்பதற்கே தாழ்த்தப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிச் சமஆசனம் வழங்க முற்பட்டபோது பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் நம்மிடையே இருந்தனர். பனையேறும் தொழிலாளிக்கு ஓய்வு என்பது கால் தளர்ந்த நாள் அல்லது மரத்திலிருந்து விழுந்த நாள். அவன் மகன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்ற ஒவ்வோர் ஆண்டும் அடுத்த தலைமுறையின் தேடியதேட்டத்திலிருந்து கழிக்கப்பட்ட ஆண்டாகும். தலைமுறை என்னும் ஒரு சொல்லால் எல்லாரையும் அடக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி, இன்று எண்பதையும் தொண்ணூறையும் எட்டிநிற்கும் தலைமுறையின் காலத்துக்கு வருவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அரிசிப் பங்கீடும் இலவச வைத்தியமும் சாதாரண குடும்பத்தின் செலவைத் தாங்கின. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. வயல்நிலக் குத்தகையாளருக்கு 1958இன் நெற்காணிச் சட்டமும், வாடகைக் குடியிருப்பாளருக்கு 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் ஓரளவு பாதுகாப்பளித்தன.

இவை தாமாகக் கனிந்து விழுந்தவையல்ல. 1947இல் அரசாங்க ஊழியரும் தொழிலாளரும் பெருவேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு யூன் 5ஆந் திகதி கொழும்பிலே பொலிசார் சுட்டதிற் கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் உயிர்நீத்தார். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்தின வேலைநீக்கப்பட்டார். அதே இலங்கரத்தின 1956இல் தொழில் அமைச்சரானார். அவர் காலத்திலேயே 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறிற்று. பென்சனில்லாத தனியார்துறைத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் முதுமைக்கென ஒரு சேமிப்பைச் சட்டம் உறுதிசெய்தது அப்போதுதான். தலைநகரின் வீதியிற் சிந்திய ஒரு தமிழ் எழுதுவினைஞரின் குருதிக்கும், சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் இயற்றுவித்த சட்டத்துக்கும் இடையே உள்ள தொடர்பை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. நாம் சொல்லவேண்டும்.

ஆயினும் அதே ஆண்டுகளின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 1935இற் பிறந்த இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் யாழ்ப்பாணத்து ஆண்மகன். மற்றவர் மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயனிற் பிறந்த பெண்.

அவருக்குப் பத்து வயதாகும்போது கல்வி இலவசமாகின்றது. இருபத்தொரு வயதில் எழுதுவினைஞராகின்றார். அதே 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வருகின்றது. மொழித்தேர்ச்சியின்றிப் பதவியுயர்வு இல்லை என்னும் நெருக்கடிக்கு ஆளாகின்றார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு சேவையில் நீடிக்கின்றார். 1990இல் ஐம்பத்தைந்து வயதில் இளைப்பாறுகின்றார். போர் மூண்டிருந்த அக்காலத்திலும் பென்சன் வருகின்றது. ஊரிலே தொழில்கள் அனைத்தும் நின்றபோது பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது அப்பணத்தினால் என்பதை நாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம்.

அப்பெண்ணுக்குப் பதின்மூன்று வயதாகும்போது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வருகின்றது. பிறந்த மண்ணிலேயே அவள் நாடற்றவளாகின்றாள். இருபத்தொன்பது வயதில், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலே, இந்தியாவுக்கு 525,000 பேர் என்றும் இலங்கைக்கு 300,000 பேர் என்றும் பங்கிடப்பட்ட தொகைகளுள் ஓர் அலகாகின்றாள். ஐம்பது வயதிற் சேமலாப நிதியை ஒரே தொகையாக எடுக்கலாம். மாத வருவாய் இல்லை. மகனோ மகளோ தோட்டத்திற் பெயர்ப்பதிவில் இருந்தாலே லயன் அறையில் அச்சமின்றி இருக்கலாம் என்பதால் அடுத்த தலைமுறையும் அதே மலையிற் கட்டுண்கின்றது. அவளைப் போன்று எஞ்சியிருந்தோர்க்கெல்லாம் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலே வருகின்றது. அப்போது அவளுக்கு வயது அறுபத்தெட்டு.

இவ்விருவரும் ஒரே தலைமுறையினர். இவர்களுள் யாருக்குச் சிக்கனம் தெரியாது? யார் உழைக்கவில்லை? "எங்கள் தலைமுறை உழைத்தது" என்று மூத்தவர் சொல்லும்போது அப்பெண்ணின் உழைப்பையும் அதிற் சேர்க்கின்றாரா? "உங்கள் தலைமுறை அனுபவித்தது" என்று இளையவர் சொல்லும்போது அவள் அனுபவித்தது யாது என்று கேட்கின்றாரா?

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. பங்கீட்டரிசி உணவு முத்திரையாகி, அதுவும் தேய்ந்தது. கட்டுநாயக்காவின் ஆடைத் தொழிற்சாலைகளும் மத்திய கிழக்கின் வீட்டுவேலையும் ஏழைப் பெண்களின் உத்தியோகங்களாயின. வடக்கிலும் கிழக்கிலும் போர் முதுசொத்தையே அழித்தது. 1990 ஒற்றோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் தம் வீடுவளவுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நமது பெயரால் இழைக்கப்பட்ட அக்கொடுமையை மறைத்துக்கொண்டு இழந்த வீடுகளைப் பற்றி நாம் பேச இயலாது. 1995 ஒற்றோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தனர். 2009இல் வன்னியிலே எஞ்சியவர்கள் உடுத்த உடையோடு முகாம்களுக்கு வந்தனர். மூன்று தலைமுறையினர் கட்டிய வீடு ஓர் இரவில் இடிபட்டபின் சிக்கனத்தின் பெருமையை யாரிடம் சொல்வது?

மலாயா மணியோடரின் இடத்தை இப்போது ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பணம் பிடித்துக்கொண்டது. பெறுவோர்க்கு அது உயிர்த்துணை, ஐயமில்லை. ஆயினும் 1942 முதல் 1945 வரை யப்பானியர் மலாயாவை ஆண்டபோது மணியோடர் நின்று எத்தனையோ குடும்பங்கள் தவித்ததைப் பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வெளியிலிருந்து வரும் பணத்தில் நிற்கும் வீட்டுக்கு அத்திவாரமும் வெளியிலேயே இருக்கின்றது. மேலும், உள்ளூரிற் சம்பளத்துக்கு உழைப்பவர் இன்று காணி வாங்கப் போனால் அப்பணத்தோடு போட்டியிடவேண்டியிருக்கின்றது. இளம் ஆசிரியர் வாடகை வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் இதுவாகும்.

இறுதியாக 2022 வந்தது. ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாதென அறிவித்தது. செத்தெம்பரிற் கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்குமுன் இருந்ததிலும் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது. பென்சனியரின் பணம் கையிலிருக்கும்போதே கரைந்தது. மருந்து வாங்கினாற் பால்மா இல்லை. பால்மா வாங்கினால் மருந்து இல்லை. தர்க்கத்துக்கு வந்த அம்மூத்த ஆசிரியரும் இதனை அனுபவித்தவரே. மறுபுறம், படித்த இளைஞர் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றனர்.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நிகழ்ந்தபோது வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. சேமலாப நிதியின் முறிகளையே குறைந்த வட்டியுள்ள நீண்டகால முறிகளாக மாற்றச் செய்தனர். மாற்ற மறுத்தால் வரி உயரும் என்றும் சட்டம் செய்தனர். 1947இன் போராட்டத்தின் வழிவந்த நிதி அது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் கொழுந்து கிள்ளும் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் தம் முதுமைக்கென விட்டுவைத்தது அது. கடன் வாங்கியவர் யாரோ, சுமந்தவர் இவர்கள். பெற்றோரின் கடனுக்கு மைந்தரைப் பொறுப்பாக்கிய தேசவழமையாவது அவர்களுக்கு முதுசொத்தையும் கொடுத்தது. இன்றைய தொழிலாளிக்கு முதுசொம் இல்லை. கடன் மட்டும் இறங்கியிருக்கின்றது.

எனவே, மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே உள்ளதாகத் தோன்றும் பிளவு உண்மையில் வேறோரிடத்தில் இருக்கின்றது. பாதுகாப்பைப் பெற்றோர்க்கும் அப்பாதுகாப்புக்கு வேண்டிய செல்வத்தை ஆக்கியும் அதனைப் பெறாதோர்க்கும் இடையே அது இருக்கின்றது. அரச நியமனம் கேட்டு வீதியில் நிற்கும் பட்டதாரியைச் சோம்பேறியென்று ஏசுவோர் உளர். அவன் கேட்பது நாற்காலியை மட்டுமன்று. நோயிலும் முதுமையிலும் கைவிடப்படாத வாழ்க்கையை. அது அரச சேவைக்கு வெளியே இல்லாதிருப்பது அவன் குற்றமன்று. அது எல்லாத் தொழிலிலும் இருக்குமாயின் கோறணமேந்துக் கோழியை யாரும் தேடமாட்டார்கள்.

பென்சனைப் பறித்துச் சமத்துவம் காண்போம் என்று இப்போது சிலர் சொல்கின்றனர். மூத்தோரிடமிருந்து பறிப்பதால் இளையோர்க்கு ஒன்றும் வந்து சேராது என்பதைச் சேமலாப நிதியின் கதை காட்டுகின்றது. வேண்டுவது பென்சனின் எல்லையை விரிப்பது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கும் ஓய்வூதியம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. இடையிலே பணமின்றிக் கொடுப்பனவு நின்றதும் உண்டு. எனினும் அக்கொள்கை சரியானது. கடற்றொழிலாளிக்கும் பனைத்தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும், முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞனுக்கும், வாழக்கூடிய ஓய்வூதியம் உரிமையாகவேண்டும். லயன் அறைக்குப் பதிலாகக் காணியுறுதியோடு கூடிய வீடு வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறுவதற்குரிய வழியும் நமக்குத் தெரியாததன்று. 1997 தொட்டு நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு ஆசிரியர்களாகிய நாம் 2021இல் யூலை முதல் ஒற்றோபர் வரை ஒன்றுபட்டு நின்றோம். சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும், இளைப்பாறும் தறுவாயில் இருந்தோரும் முதல் நியமனம் பெற்றோரும் அதிற் சேர்ந்திருந்தோம். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை; ஓரளவு கிடைத்தது. அவ்வாறு நின்ற நாம், நமது சம்பளப் பட்டியலோடு நின்றுவிடுவோமாயின் அந்தப் பழைய எழுதுவினைஞரின் திண்ணைக்கே திரும்பிச்செல்வோம்.

அம்மூத்த ஆசிரியர் அடுத்தமுறை வரும்போது நாம் அவரோடு தர்க்கிக்கப்போவதில்லை. அவருடைய வீட்டுக்கும் பென்சனுக்கும் வழிசெய்த சட்டங்களையும் போராட்டங்களையும் பற்றி மாணவர்முன் பேசும்படி அவரை அழைக்க எண்ணியிருக்கின்றோம். அவர் தம் தேடியதேட்டம் என்று கருதுவதிற் பெரும்பகுதி சமூகத்தின் பொது முதுசொம் என்பதை அப்போது அவரும் உணரக்கூடும். முதுசொம் ஒருவர் முற்றாகச் செலவழித்து முடிப்பதற்கன்று, பின்வருவோர்க்குக் கையளிப்பதற்கு உரியது என்பது நம் முன்னோர் அறிந்த வழமை. எவரையும் புறத்தே நிறுத்தாமல் அதனைக் கையளிப்பதே நமது தலைமுறை செய்யவேண்டிய புதிய காரியம்.